மணிக்கயிறு

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு
பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்கும்.
கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி.
ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது,
படியோ ஏணிக்குத் தங்கை.
பேப்பர்க்காரன் மாட்டிவிட்டு இழுப்பான்,
நாம் தூக்கிக்கொள்வோம்.
கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, கறிவேப்பிலை,
ஒருமுறை ஹனீபா பாய் வீட்டுக்கு
உயிரோடு ஒரு நண்டு.

கைப்பேசி வந்தபின் கயிறுகள் சும்மா கிடந்தன.
மூன்றாம் மாடி தோ கின் ஏ
தன்னுடையதை அறுத்துத் துணிக்கொடி ஆக்கினாள்.

பிறகு ரங்கூனில் மின்சாரம்
முறை போட்டு வர ஆரம்பித்தது.
நாலு மணி நேரம் உண்டு, எட்டு மணி நேரம் இல்லை.
அதுவும் அறிவிப்பில்தான்.
தெருமுனை அரிசிக் கிடங்கை இடித்துப்
பன்னிரண்டு மாடி எழுப்பினார்கள்.
அவர்கள் மோட்டார் யானை.
எங்கள் மோட்டார்கள் அத்தனையும் சேர்ந்தால் ஒரு பூனை.
கரண்ட் வந்த அரைமணிக்குள் எழுந்து போட்டால் தண்ணீர்,
அசந்தால் குழாய் காற்றைத் துப்பும்.

மனு கொடுத்தோம்.
பர்மிய எழுத்து முத்துமுத்தாய் வரும் என்று
நாலாம் மாடி வேலவனை எழுதச் சொன்னோம்.
பத்தொன்பது கையெழுத்து.
அட்டையிலிருக்கும் பர்மியப் பெயரில் நான் போட்டேன்,
வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர்.
வட்டார ஆபீஸ் எழுத்தர் அதை மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தாராம்.
பாய் சொன்னது.
பாய் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

அப்போதுதான் கயிறு நினைவுக்கு வந்தது.
டீக்கடை பெஞ்சில் படுக்கும் பையன்
கரண்ட் வந்ததும் எழுந்து
ஒவ்வொன்றாய் இழுத்துக்கொண்டே போவான்.
மாதம் வீட்டுக்கு மூவாயிரம் சாட்.
தோ கின் ஏ புதுக்கயிறு வாங்கினாள், நைலான், பச்சை.

வேலவனுக்கு இருபத்துமூன்று.
பட்டாளத்துக் குலுக்கலில் பெயர் விழுந்ததிலிருந்து
அவன் ஜன்னல் பக்கமே வருவதில்லை.
கேட்டவர்களிடம் ஊருக்குப் போயிருக்கிறான் என்றோம்.
எந்த ஊர் என்று பேசிவைக்கவில்லை.
நான் தாட்டோன் என்றேன்.
பாய் மோல்மீன்.
தோ கின் ஏ, மொட்டையடித்து மடத்தில் சேர்ந்துவிட்டான் என்றே
சொல்லிவிட்டாள்.

மழை விட்ட மாதம், இரவு இரண்டு மணி.
மணி.
தூக்கத்திலேயே நடந்து சுவிட்சைத் தட்டினேன்.
மோட்டார் உறுமவில்லை.
பல்பும் இல்லை.
தெரு முழுக்க இருட்டு,
ஆனால் எல்லா மாடியிலும் மணி.

உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பின்சந்தில் இரும்பு ஏணி கிறீச்சிட்டது.
நான் காலி வாளியைத் தரையில் தள்ளி உருட்டினேன்.
கீழே தோ கின் ஏ கழுவிய பாத்திரத்தையே கழுவினாள்,
தண்ணீரில்லாமல்.
பாய் இருமினார்,
பத்துப் பேருக்கான இருமல்.

டார்ச்சுகள் படியேறி வந்தன,
ராத் தங்குகிறவர் பட்டியல் எங்கே என்று.
இந்நேரத்தில் எல்லாரும் ஏன் விழித்திருக்கிறீர்கள்?
தண்ணீர் பிடிக்க.
ஒருவன் குழாயைத் திறந்து பார்த்தான். காற்று.
இன்னும் வரலை, என்றேன்.
வியர்த்துப்போயிருந்தான்,
வேலவனைவிடச் சின்னவன்.
குடிக்கக் கேட்டான். பானையைச் சாய்த்து
அடியில் இருந்ததைக் கொடுத்தேன்.
எங்கள் தெருவிலும் இதே கதைதான், என்று
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

நாலாம் மாடி பூட்டியிருக்கிறது.
சேதி ஒன்றும் இல்லை.
பையன் அந்தக் கயிற்றையும் விடாமல் இழுக்கிறான்,
பழக்கம் என்கிறான்.

இப்போதெல்லாம் மணி அடித்தால்
மோட்டார் சுவிட்சுக்குப் போவதில்லை நான்.
முதலில் பல்பைப் பார்க்கிறேன்.
எரிந்தால் சரி,
வெறும் தண்ணீர்தான்.